ஒரே முகூர்த்தம், ஒரே கன்டெய்னர்

சூலூருக்குப் பக்கத்தில் இருந்த தன் நூற்பாலையை மூடிய மறு மாதமே, அதே கூடத்தில் கணினிகளை வரிசையாகப் போட்டு மென்பொருள் கம்பெனி தொடங்கிவிட்டார் சுந்தரராஜுலு. பஞ்சு போய்க் கணினி வந்ததைத் தவிர வேறெதுவும் மாறியதாக அவர் நினைக்கவில்லை. காலை எட்டரைக்குச் சங்கு ஊதும். ஊதியதும் எல்லா மிஷினும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஒரு மிஷின் சும்மா நிற்பதைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சை அடைக்கும். மனிதர்கள் சும்மா நின்றால் அவ்வளவாக அடைக்காது, கூப்பிட்டு வைத்துக் காபி வாங்கிக் கொடுப்பார். அந்த வகையில் நல்ல மனிதர்தான்.

கம்பெனியின் பெருமை ‘மங்கலம்’ என்ற ஆப். கோயமுத்தூர், திருப்பூர், அவிநாசி வட்டாரத்தில் நாற்பத்து மூன்று கல்யாண மண்டபங்கள் அதில் சேர்ந்திருந்தன. கல்யாண வீட்டார் மண்டபம் மண்டபமாக ஏறி இறங்க வேண்டாம், ஃபோனில் நாளைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் பதிவு முடிந்தது. ஆப் நாள் கேட்கும், பெயர் கேட்கும், எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று கேட்கும். எந்தத் தெரு என்று கேட்காது. இந்தக் கடைசி விஷயம் அந்தக் கம்பெனியில் இனியாவைத் தவிர வேறு யாருக்கும் பெரிதாகப் பட்டதில்லை.

இனியா அங்கே டெஸ்டர். ஆப் சரியாக வேலை செய்கிறதா என்று குடைந்து பார்ப்பதுதான் அவள் வேலை. அவள் அப்பா மாசாணம், தலைமுறை தலைமுறையாய் அடுத்தவர் காட்டில் பாடுபட்ட குடும்பத்தில் பிறந்து, விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரி ஆனவர். அக்கா பொற்கொடி நர்ஸ். அவளுக்கு மதுக்கரையில் ஒரு கணக்கு வாத்தியாரைப் பேசி முடித்ததும், மாசாணம் ஆசை ஆசையாய்த் திருமலைசாமி மஹாலுக்குப் போய் வைகாசியில் இரண்டு தேதி கேட்டார். மஹாலின் முதலாளி திருமலைசாமி எழுந்து நின்று கும்பிட்டார். நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார். இரண்டு தேதிக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: “அந்த நாள் முன்னமே பதிவாயிருச்சுங்களே.” அந்த இரண்டு நாட்களிலும் மாசாணம் வேண்டுமென்றே அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிப் போய்ப் பார்த்தார். மஹால் பூட்டிக் கிடந்தது. வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது.

கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப் போயிற்று. இந்தத் தடவை இனியா யாரிடமும் போய் நிற்கவில்லை. ஆப்பைத் திறந்தாள், திருமலைசாமி மஹாலைத் தொட்டாள், ஆவணி இருபதைத் தொட்டாள். ‘பதிவு உறுதி’ என்று பச்சைக் குறி வந்தது. பொற்கொடி அந்தப் பச்சைக் குறியைப் படம் பிடித்து ஃபோன் முகப்பில் வைத்துக்கொண்டாள். அவர்கள் தெருவிலிருந்து அந்த மஹாலுக்குள் கல்யாணம் பண்ணப் போகிற முதல் குடும்பம் அவர்களுடையதுதான். அன்றைக்கு இனியா தன் வேலையை நினைத்து அடைந்த சந்தோஷம் இதற்கு முன் அடைந்ததில்லை.

இனி கன்டெய்னருக்கு வருவோம். துறைமுகத்தில் அடுக்கி வைக்கும் இரும்புப் பெட்டி அல்ல இது. சர்வருக்குள்ளேயே தடுத்துக் கட்டிய ஒரு சின்ன அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பின் நகல் ஒன்று அதற்குள் ஓடும். டெஸ்டுகள் உள்ளே போய்ப் பொய்க் கல்யாணங்களைப் பதிவு செய்யும், ரத்து செய்யும், எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும். நடந்தால் திரையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. ஊர் உலகத்தில் ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு தனி அறை கொடுத்து, வேலை முடிந்ததும் இடித்துவிடுவார்கள். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அமீர் ஹம்சா வேலைக்கு வந்த முதல் வாரமே இதைச் சொன்னார்.

“எதுக்குங்க?” என்றார் சுந்தரராஜுலு. “மில்லுல ஒரே கம்ப்ரசர் முப்பது மிஷினுக்குக் காத்துக் குடுத்துச்சுங்க. மிஷினுக்கு ஒண்ணு வேணும்னா கேட்டோம்? ஒரே கன்டெய்னர் போதுமுங்க. எல்லாரும் ஒண்ணா, ஒரே நேரத்துல ஓட்டிப் போடுங்க. நம்ம கம்பெனில தனித்தனின்னு ஒண்ணுமே கெடையாதுங்க.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்தது. கூடத்து மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையையும் அதன்மேல் கவிழ்த்திருந்த எவர்சில்வர் டம்ளர்களையும் கையால் காட்டினார். எல்லோரும் அந்த டம்ளர்களில்தான் குடித்தார்கள். இனியாவின் அப்பா ஒரு குறிப்பிட்ட டீக்கடையில் ஆயுசுக்கும் டீ குடித்ததில்லை, ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதும் இல்லை. அதனால் அந்த வாக்கியத்துக்காகவே இனியா அவரை மனதார மதித்தாள்.

ஒரே அறையாக இருந்தாலும் ஆளுக்கு ஒரு தேதியில் பொய்க் கல்யாணம் நடத்தியிருந்தால் ஓரளவு ஓடியிருக்கும். அங்கேதான் நம் ஆட்கள் தங்கள் கைவரிசையைக் காட்டினார்கள். பொய்க் கல்யாணமே ஆனாலும் கல்யாணம் அல்லவா? ஆடி மாதத்தில் பதிவு செய்து பார்க்க யாருக்கும் கை வரவில்லை. மௌனிகா என்ற டெஸ்டர் தெரியாத்தனமாக அஷ்டமியில் ஒரு டெஸ்ட் எழுதிவிட்டு, பொய் மணமகளுக்குத் தன் தங்கை பெயரை வைத்திருப்பதைப் பார்த்துப் பதறி அழித்தாள். கம்பெனியில் டெஸ்ட் எழுதும் பதினொரு பேரும் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் புரட்டி, குற்றம் குறை இல்லாத வளர்பிறை முகூர்த்தமாகத் தேடி, ஆவணி இருபதில் வந்து நின்றார்கள். எண்ணூறு டெஸ்ட், எண்ணூறு கல்யாணம். ஒரே அறை, ஒரே நாள், ஒரே நேரம். ஒருவர் பதிவு செய்த மண்டபத்தை அடுத்தவர் ரத்து செய்வார். இவர் அழைத்த ஐந்நூறு பேர் அவர் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள்.

யாராவது ஒருவர், ‘கொஞ்சம் பொறுங்கள், நான் முடித்துக்கொள்கிறேன்’ என்று சொல்லியிருந்தால் பாதித் தகராறு தீர்ந்திருக்கும். ஆனால் அது அப்படிச் சொல்லக்கூடிய ஊர் அல்ல. கம்பெனிக் குழுவில் ஒருவர், “ஏனுங்க, நான் ஓட்டிக்கட்டுங்களா?” என்று போடுவார். “தாராளமா ஓட்டுங்க, நாங்க பொறவு ஓட்டிக்கறோமுங்க” என்று பத்துப் பேரும் பதில் போடுவார்கள். போட்டுவிட்டுப் பதினொரு பேரும் ஓட்டுவார்கள்.

சிவப்பு வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழக்கம் உண்டாயிற்று. அம்மன் கோயிலில் பூ கேட்பார்களே, வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, வெள்ளை வந்தால் உத்தரவு என்று? சிவப்பு வந்தால் மனசு கேட்காமல் இன்னொரு தரம் கேட்பார்களே? அதேதான். “சிவப்பு வந்துபோச்சுங்களா? அது கன்டெய்னர் தகராறுங்க. இன்னொருக்காப் பூ கேளுங்க” என்பார்கள். மூன்று தரத்தில் ஒரு தரம் பச்சை வந்தால் உத்தரவு ஆகிவிட்டது என்று அர்த்தம். இந்த முறைக்குச் சுந்தரராஜுலு எழுத்து மூலமாகவே ஒப்புதல் கொடுத்திருந்தார். சுற்றறிக்கையின் தலைப்பில் பிள்ளையார் சுழி இருந்தது.

ஆனி மாதக் கடைசியில் ஆப்பின் புதுப் பதிப்பு வெளியாக வேண்டியிருந்தது. ஆடி பிறந்துவிட்டால் எதையும் தொடங்கக் கூடாது, ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் பச்சையாக வேண்டும். இனியாவின் ஒரு டெஸ்ட் மட்டும் அடம் பிடித்தது. அது ரொம்பச் சாதாரண டெஸ்ட். ஒருவர் ஒரு நாளைப் பதிவு செய்கிறார், ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் அந்த நாள் அவருடையதாகவே இருக்கிறதா? அவ்வளவுதான். அது நான்கு தரம் பச்சை, ஐந்தாவது தரம் சிவப்பு என்று வந்துகொண்டிருந்தது.

“பூ கேளுங்க இனியா” என்றாள் மௌனிகா.

“பதிவு பண்ணவங்க பதிவு காணாமப் போகுதுங்க மௌனிகா. இதுக்கெல்லாம் பூக் கேப்பாங்களா?”

அவளுக்கு எரிச்சல் வந்தது. யார் கண்ணும் படாத தேதியாகப் பார்த்து, ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, அஷ்டமி என்று மூன்று பொருத்தமும் அமைந்த ஒரு நாளை டெஸ்டில் போட்டாள். இருபது தரம் ஓட்டினாள். இருபதும் பச்சை. திரும்ப ஆவணி இருபதைப் போட்டாள். ஆறாவது தரம் சிவப்பு. இத்தனைக்கும் அவளுடைய டெஸ்ட் ஏழாம் எண் மண்டபத்தில் நடந்தது, அந்த எண்ணை வேறு யாரும் தொடவே இல்லை. மண்டபம் வேறாக இருந்தும், தேதி ஒன்றாக இருந்தால் பதிவு மறைகிறது. இது தற்செயலான மோதல் இல்லை, எவரோ வேண்டுமென்று துடைக்கிறார்கள்.

சர்வரின் பதிவேட்டை நொடி நொடியாகப் பார்த்தாள். அவள் பதிவு மறைந்த அதே நொடியில், மூன்றாம் எண் மண்டபத்தில் ஓடிய ஒரு டெஸ்ட் ஒரு சுவிட்சைப் போட்டிருந்தது. சுவிட்சின் பெயர் ‘மரியாதை’. போட்டவன் சைதன்யா, கம்பெனியின் தலைமை நிரலாளன், முதலாளியின் அக்கா மகன். பதிவு மறைந்ததும் பொய் வாடிக்கையாளருக்கு ஒரு செய்தியும் போயிருந்தது: ‘மன்னிச்சுக்கோணுங்க. அந்த நாள் முன்னமே பதிவாயிருச்சுங்க. வேற நாள் பாத்துக்கலாமுங்க.’

இனியா அதை இரண்டு தரம் படித்தாள். அந்தச் செய்தியை எழுதியதே அவள்தான். போன மாதம் சைதன்யா ‘பதிவு நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதி வைத்திருந்தான். இது திட்டுகிற மாதிரி இருக்கிறது, நம் ஊர்ப் பேச்சில் பணிவாக மாற்றுங்கள் என்று குற்றம் கண்டுபிடித்து, வாசகத்தையும் அவளே கொடுத்தாள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் பிந்தியவருக்குப் போகும் செய்தி என்றுதான் நினைத்திருந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவுக்குச் சொல்லப்பட்ட பதிலைத்தான் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது.

சைதன்யா கெட்டவன் அல்ல. யாரையும் முகம் நோகப் பேச மாட்டான், அதுதான் அவனிடம் இருந்த கோளாறு.

“அது மண்டபத்துக்காரங்க கேட்டதுங்க இனியா” என்றான். “திடீர்னு பெரிய எடத்துல இருந்து ஒரு தேதி கேட்டாங்கன்னு வெய்யுங்க. முன்னமே பதிவு பண்ணவங்ககிட்ட நேர்ல போயி இல்லேன்னு எப்புடிங்க சொல்றது? சங்கடமில்லீங்களா? அதான், சுவிட்ச் போட்டா ஆப்பே பணிவாச் சொல்லிப்போடும்.”

“பெரிய எடத்துக்கு மட்டுந்தானுங்களா?”

“இல்லீங்க, சில பேருக்குக் குடுக்க முடியாதபடிக்கு இருக்குமுல்லங்க.”

“யாருக்குங்க?”

சைதன்யா காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினான். அது கிடைக்கவில்லை போலிருக்கிறது, கடைசி வரை நிமிரவில்லை.

இனியா முதலாளியின் அறைக்குப் போனாள். இரண்டு விஷயம் சொன்னாள். இப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே தப்பு என்பது ஒன்று. அந்தச் சுவிட்ச் மண்டபத்தைப் பார்ப்பதில்லை, தேதியை மட்டும் பார்க்கிறது, ஒரு மண்டபத்துக்காரர் போட்டால் அந்தத் தேதியில் நாற்பத்து மூன்று மண்டபத்தின் பதிவும் போய்விடும் என்பது இன்னொன்று. தேதி விவரம் கேட்டபோது மறைக்காமல், “எங்கக்கா கல்யாணமும் அன்னிக்குத்தானுங்க சார், திருமலைசாமி மஹால்ல” என்றாள்.

“அட, சொல்லவே இல்லீங்களே அம்மணி!” சுந்தரராஜுலுவின் முகம் நிஜமாகவே மலர்ந்தது. “அன்னிக்கு எங்கக்கா ஊட்டுக் கல்யாணமுங்க. நம்ம சைதன்யாவோட தங்கச்சி நவ்யாவுக்கு. அவிநாசி ரோட்டு மண்டபம், சாயங்கால முகூர்த்தம். காத்தால உங்க ஊட்டுக்கு வந்துபோட்டுத்தானுங்க போவேன்.”

“சந்தோசமுங்க சார். ஆனா இந்தக் கோளாறு, இந்தப் பக்கு...”

“அது பக்கு இல்லீங்க அம்மணி. அது மரியாதைங்க. திருமலைசாமி மண்டபத்துக்காரங்க சங்கத்துத் தலைவருங்க, அவரு கேட்டு எப்புடிங்க முடியாதுங்கறது?” கொஞ்சம் யோசித்தார். “உங்க டெஸ்ட்டும் அவன் டெஸ்ட்டும் ஒண்ணு மேல ஒண்ணு படுது, அவ்வளவுதானுங்களே? இனிமே ஆளுக்கொரு கன்டெய்னர் குடுத்துப்போடறேனுங்க. நீங்க ஒரு வருசமாக் கேட்டது தானுங்களே!”

ஒரு வருடமாகக் கேட்டதுதான். இப்போது கிடைத்தபோது, வாங்கிக்கொள்ள அவளுக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் ஒரே அறையில் முட்டி மோதியதால்தான் அந்தச் சுவிட்ச் அவள் கண்ணில் பட்டது. தனித்தனியாகப் பிரித்து உட்கார வைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது, எல்லாம் பச்சை.

“நெஜ ஆப்பு இன்னும் ஒரே கன்டெய்னர்ல தானுங்க சார் ஓடுது. அங்க நாப்பத்து மூணு மண்டபமும் ஒண்ணாத்தானுங்க இருக்குது.”

“அங்க எதுக்குங்க தனித்தனி? ஒரே கம்ப்ரசர் போதுமுங்க” என்று சிரித்து, அவளுக்குக் காபி சொன்னார்.

அன்று மாலையே அமீர் ஹம்சா ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு அறை கட்டினார். எண்ணூறு டெஸ்டும் முதல் தரத்திலேயே பச்சை. கூடத்தில் கேசரி விநியோகம் ஆயிற்று. வெளியீட்டுப் படிவத்தில் டெஸ்டர் கையெழுத்துப் போடும் கட்டத்தில் இனியா, ‘நிஜ ஆப்பில் பரிசோதிக்கப்படவில்லை, மரியாதை சுவிட்ச் எல்லா மண்டபத்தையும் துடைக்கும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். திரையே பச்சையாக இருக்கும்போது காகிதத்தை யார் படிக்கிறார்கள்? வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் புதுப் பதிப்பு வெளியானது.

ஞாயிற்றுக்கிழமை மாசாணம் பந்திக் கூடத்தைப் பார்த்து வரலாம் என்று, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மஹாலுக்குப் போனார். திருமலைசாமி கும்பிட்டார். ஃபோனில் பதிவைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி ஃபோனைப் பார்த்தார். “அட, நீங்கதானுங்களா அது? ரொம்பச் சந்தோசமுங்க” என்றார். நாற்காலி போட்டுக் குளிர்பானம் கொடுத்தார். பாட்டிலோடு கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குச் சங்கு ஊதி அடங்கியபோது இனியாவின் ஃபோன் நடுங்கியது. ‘மன்னிச்சுக்கோணுங்க’ என்று ஆரம்பித்தது செய்தி.

அவள் அதை இரண்டாவது வரிக்கு மேல் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இல்லை, ஒரு எழுத்து விடாமல் அவளுக்கு மனப்பாடம். அக்காவின் ஃபோன் முகப்பில் இருந்த பச்சைக் குறிதான் ஞாபகம் வந்தது. பூட்டிய மஹாலைப் பார்க்கப் பஸ்ஸில் போன அப்பா ஞாபகம் வந்தார். கோபத்தில் கண்ணில் நீர் முட்டியது. யார் மேல் கோபப்படுவது? வைய ஒரு ஆள்கூட அகப்படாதபடி அவ்வளவு பணிவாக எழுதியிருந்தாள், பாவி.

அப்போது பக்கத்து மேசையில் ஃபோன் அடித்தது. அதற்கடுத்த மேசையில் இரண்டு ஃபோன் அடித்தன. திருப்பூரில் ஒரு கல்யாண வீடு, பல்லடத்தில் ஒன்று, அன்னூரில் ஒன்று. நல்ல முகூர்த்தம் எல்லோருக்கும் ஒரே நாள்தானே! ஆவணி இருபதில் நாற்பத்து மூன்று மண்டபத்திலும் கல்யாணம் இருந்தது. திருமலைசாமி தன் மஹாலுக்கென்று போட்ட சுவிட்சில் அத்தனை பேரும் ஒரே நொடியில் மரியாதையாக வெளியேற்றப்பட்டிருந்தார்கள்.

முதலாளியின் அறையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. ஃபோனை அவர் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தும் அந்தக் குரல் கூடத்தின் கடைசி வரிசை வரைக்கும் வந்தது. சுந்தரராஜுலுவின் அக்கா ரங்கநாயகி. சைதன்யாவுக்கும் நவ்யாவுக்கும் அம்மா, மூடிய மில்லில் சரி பாதிக்குச் சொந்தக்காரி.

“பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சு. இப்ப எனக்கு வேற நாள் பாத்துக்கலாமுங்கன்னு வந்துருக்குது. எவன்டா அவன் எனக்கு நாள் பாக்கறவன்?”

சுந்தரராஜுலு கூடத்துக்கு ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

“அம்மணி! பெரிய பக்குங்க அம்மணி!”

“இல்லீங்க சார்” என்றாள் இனியா. “அது மரியாதைங்க.”

கூடத்தில் மற்றவர்கள் திரையைக் கூர்ந்து பார்த்தார்கள். சைதன்யா மேசைக்கடியில் விழுந்த பேனாவைத் தேடிக் குனிந்தவன் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

“அக்கா ஊட்டுப் பதிவை மட்டும் உடனே திருப்பிப் போடுங்க அமீர்” என்றார் சுந்தரராஜுலு.

அமீர் ஹம்சா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முடியாதுங்களே சார். எல்லா மண்டபத்துக்கும் ஒரே கன்டெய்னருங்க. ஞாயித்துக்கெழமை நகல் எடுத்து வெச்ச பேக்கப்பைப் போட்டா நாப்பத்து மூணும் திரும்பி வரும். இல்லாட்டி ஒண்ணும் வராதுங்க. அந்தச் சுவிட்சையும் புடுங்கிப் போட்டாத்தானுங்க நிக்கும்.”

இது முழு உண்மை அல்ல. ஒரு பதிவை மட்டும் உருவி எடுத்துச் செருகலாம், பத்து நிமிட வேலை. அமீர் ஹம்சாவுக்கும் தெரியும், இனியாவுக்கும் தெரியும். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று இரண்டு பேரும் அடக்கமாக நின்றார்கள்.

திருமலைசாமியும் ஃபோனில் வந்தார். தன் மஹாலை மட்டும் அப்படியே விட்டுவிட முடியுமா என்று குழைந்தார். சுந்தரராஜுலு அவரிடம், “முடியாதுங்க, ஒரே கம்ப்ரசருங்க” என்று சொன்னார். வாழ்நாளில் அவர் ஒரு மனிதரிடம் நேரடியாக முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஒன்பதே காலுக்குப் பொற்கொடியின் பச்சைக் குறி திரும்பி வந்தது. அவள் ஆஸ்பத்திரியில் காலை வேலையில் இருந்ததால், அது போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. இனியா அவளிடம் சொல்லவும் இல்லை.

ஆவணி இருபதாம் தேதி காலை ஆறரைக்குத் திருமலைசாமி மஹாலில் நாதஸ்வரம் முழங்கியது. வாசலில் பொற்கொடியின் பெயர் சாமந்திப் பூவில் எழுதியிருந்தது. தெருவே திரண்டு வந்திருந்தது. மாசாணம் வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றார். அவருக்குப் பக்கத்திலேயே திருமலைசாமியும் நின்று, “வாங்க, வாங்க, வாங்க” என்று ஒருவரையும் விடாமல் கும்பிட்டார். பார்க்கிறவர்கள் யார் பெண்ணைப் பெற்றவர் என்று குழம்பியிருப்பார்கள்.

தாலி ஏறியதும் பந்தி தொடங்கியது. இலை போட்டுக்கொண்டு போனபோதுதான் இனியா கவனித்தாள். ஒவ்வொரு இலைக்கும் பக்கத்தில் ஒரு காகிதக் கோப்பை. இந்த மஹாலின் பந்திப் படங்களை ஆப்பில் ஏற்றியவளே அவள்தான். எல்லாப் படத்திலும் எவர்சில்வர் டம்ளர்.

“டம்ளரெல்லாம் கழுவப் போயிருக்குதுங்க அம்மணி” என்றார் திருமலைசாமி, அவள் கேட்பதற்கு முன்பே. “ஆளுக்கொண்ணு தனித்தனியா, இது சுத்தமுங்க.”

இனியா அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். அவள் டெஸ்டர். ஒருவர் சொன்னதற்காக எதையும் நம்பிவிடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. சமையற்கட்டைத் தாண்டி, சாமான் அறைக் கதவைத் தள்ளினாள். தளத்திலிருந்து அவள் தோள் உயரத்துக்கு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய டம்ளர்கள் பளபளவென்று நின்றன. அத்தனையும் கழுவியவை. ஒரு அடுக்கைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு வந்தாள். பட்டுப் புடவைக்கு மேல் அந்த அடுக்கு நெஞ்சோடு சாய்ந்திருந்தது. வரிசையாகக் காகிதக் கோப்பைகளை எடுத்துவிட்டு டம்ளரை வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனாள். பின்னாலேயே பொற்கொடியின் ஆஸ்பத்திரித் தோழிகள் இரண்டு பேர் இன்னும் இரண்டு அடுக்கைத் தூக்கி வந்தார்கள். திருமலைசாமி கும்பிட்ட கையைப் பிரிக்காமல் நின்றார்.

பந்தியின் நடுவில் சுந்தரராஜுலு உட்கார்ந்திருந்தார். சொன்னபடியே வந்துவிட்டார், சாயங்காலக் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டு வேட்டியோடு. அவர் இலைக்குப் பக்கத்தில் இனியா ஒரு டம்ளரை வைத்தாள்.

“எல்லாரும் குடிக்கிற டம்ளருங்க சார்” என்றாள். “நம்ம கம்பெனி மாதிரியேங்க.”

“அதுக்கென்னங்க அம்மணி!” என்று அவர் சிரித்தார். டம்ளரை எடுத்தார். ஒரு கணம் கையில் வைத்திருந்தார். பிறகு அண்ணாந்து, உதட்டில் படாமல் தண்ணீரைத் தொண்டைக்குள் விட்டுக்கொண்டார்.

இந்த ஊரில் பாதிப் பேர் எந்த வீட்டிலும் அப்படித்தான் குடிப்பார்கள். அது பழக்கமா, இல்லை வேறா? கம்பெனிப் பானைக்குப் பக்கத்தில் நின்று அவர் எப்படிக் குடிப்பார் என்று இனியா யோசித்துப் பார்த்தாள். எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள், கவனித்ததே இல்லை. அவளுக்குத் தெரியவில்லை. தெரியாதது அவளை வருத்தியது.

சுந்தரராஜுலு காலி டம்ளரைக் கீழே வைத்தார். இனியா செம்பைச் சாய்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“இன்னொருக்கா ஊத்தட்டுங்களா சார்?”